நீலகண்டன் தனக்குக் கழித்துக்கொள்ளாத ஆறு சதவீதம்

செர்லாய்க்காரர் நீலகண்டன் மராத்தானில் ஓடி வரவில்லை, ஏறி வந்தார் என்பது வதந்தி. எதில் ஏறி வந்தார் என்பதில் மட்டும் மட்டாஞ்சேரிக்குள் இன்னும் ஒற்றுமை ஏற்படவில்லை. சுள்ளிக்கல் சாயாக்கடையில் கேட்டால் ஆட்டோ. பஜார் ரோட்டில் கேட்டால் இறால் ஏற்றிப் போகும் குளிர்பெட்டி லாரி. உள்ளே இறாலோடு இறாலாக உட்கார்ந்து, ஒரு சொட்டு வேர்க்காமல் வந்து இறங்கினாராம். படகுத்துறையில் நிற்பவர்கள் வாட்டர் மெட்ரோ என்கிறார்கள். அவர்களுக்கு எது நடந்தாலும் அது தண்ணீரில் நடந்திருக்க வேண்டும்.

சரிபார்த்துவிடலாம் என்று கிளம்பினால் மூன்றும் அரை நாள்கூடத் தாங்கவில்லை. பந்தயத்தன்று விடிகாலை மூன்று மணியிலிருந்து பந்தயச் சாலையில் ஆட்டோவை விடவில்லை. லாரிகளை வல்லார்பாடத்திலேயே வரிசையாக நிறுத்திவைத்திருந்தார்கள். ஓட்டம் நடந்த பக்கம் அந்த நேரத்துக்குப் படகும் இல்லை. ஆக, வதந்தி பொய். விசாரணையை இந்த இடத்தோடு முடித்துக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும், முக்கியமாக நீலகண்டனுக்கு.

நீலகண்டனுக்கு வயது ஐம்பத்துநாலு. கொள்ளுத்தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவதும் படிப்பதும் மலையாளம். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பத்தொரு வருஷமாகச் சாம்பிள் பார்க்கிறார். மூட்டை வந்து இறங்கியதும் முழங்கை வரை கையை உள்ளே விடுவார். ஒரு மிளகை எடுத்துக் கடிப்பார். கண்ணை மூடாமலே, யோசிக்காமலே, “பதிமூணரை” என்பார். நூற்றுக்குப் பதின்மூன்றரை பங்கு ஈரம் என்று பொருள். பதினொன்றுக்கு மேல் எவ்வளவு ஈரமோ அவ்வளவும் எடையில் கழிந்துவிடும். ஈரம் பார்க்க மிஷின் வந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் கிடங்கில், மிஷின் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நீலகண்டனைத்தான் கூப்பிடுவார்கள்.

மலையிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்கள் அவரிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. வெளியில்தான் ஈரம், உள்ளே எலும்பாகக் காய்ந்திருக்கிறது ஸ்வாமி என்பார்கள். பாலத்தில் வரும்போது காயல் காற்று பட்டுவிட்டது என்பார்கள். அரை சதவீதம் விட்டுக்கொடுங்கள், பெண்ணுக்குக் கல்யாணம் என்பார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “அரை நான் விடுவேன், மிளகு விடாதே” என்பார். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவருக்கும் அந்த அரையைக் கொடுத்ததில்லை. அவருக்கு ஊரில் வீடு பெரிதில்லை, பேர் பெரிது. அந்தப் பேரும் இந்த அரையில்தான் நின்றது.

சர்க்கரை வந்ததால் நாற்பத்துமூன்றாவது வயதில் நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமாயிற்று. காலை ஐந்து மணிக்கு மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில் கூடும் இருபத்திரண்டு பேருக்கு ஒரு வாட்ஸப் குரூப், அதற்கு அவரே அட்மின். நாலு மராத்தான் ஓடியிருந்தார். நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது ஆசை. கடைசியாக ஓடியபோது நாலு மணி, ஒரு நிமிடம், நாற்பது செகண்ட். வெறும் நூறு செகண்ட் கூடுதல். சாயாவை ஆற்றவே அதைவிட நேரம் பிடிக்கும். அந்த நூறு செகண்டை அவர் பதினான்கு மாதம் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

பிப்ரவரிப் பந்தயத்துக்கு ஆறு நாள் முன்னால் வானிலை அறிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட மூன்று டிகிரி கூடுதல். விடியும் முன்பே இருபத்தெட்டு. காற்றில் ஈரம் தொண்ணூறுக்கு மேல். குரூப்பில் ஆளுக்கு ஆள் அழுகிற பொம்மைகளை அனுப்பினார்கள். நீலகண்டன் பொம்மை எதுவும் அனுப்பவில்லை. ஒரு தாளை எடுத்து, பழைய ஓட்டங்களின் நேரத்தையும் அந்தந்த நாளின் வெப்பத்தையும் ஈரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். மிளகுக்குப் போடும் கழிவையே மனிதருக்கும் போட்டார். ஆறு சதவீதம். யார் எவ்வளவு நேரத்தில் முடிக்க நினைத்திருந்தாலும் அதோடு நூற்றுக்கு ஆறு கூட்டிக்கொள்ள வேண்டும்; முதல் கிலோமீட்டரிலிருந்தே அந்த வேகத்தில்தான் ஓட வேண்டும்.

முதலில் பேரத்துக்கு வந்தது அனில், தோப்பும்படியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

“ஸ்வாமி, மூணரை மணிக்கூருன்னு வீட்டுல சொல்லியாச்சு. இப்ப பதிமூணு மினிட்டு கூட்டினா அவ என்ன விசாரிப்பா?”

“என்ன வேணா விசாரிக்கட்டும். வெயில் உங்காத்துல கேட்டுண்டா வரது?”

“ஒரு அஞ்சு மினிட்டாவது குறைச்சுத் தா ஸ்வாமி.”

“அனில் சேட்டா, மூட்டைல இருக்கற ஈரமும் காத்துல இருக்கற ஈரமும் ஒண்ணுதான். கழிக்காம எடுத்தா நஷ்டம் எடுத்தவனுக்கு.”

அனில் முனகிக்கொண்டே மூன்று மணி நாற்பத்துமூன்றை வாங்கிக்கொண்டு போனார்.

பேரமே பேசாதவள் அமுதவள்ளி. போடிப் பக்கத்துக்காரி, வயது நாற்பத்தொன்று, சுள்ளிக்கலில் புருஷனோடு இட்லிக்கடை. பதினொரு வருஷமாக அடுப்புச் சூட்டில் நிற்பவளுக்கு, காலையில் கடை திறப்பதற்கு முன் ஓடுவதுதான் ஒருநாளில் அவள் காற்று வாங்கும் நேரம். முதல் மராத்தான். ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். மெடலுக்காகக் கடைச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், முன்கூட்டியே ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள்.

“அஞ்சு அம்பது,” என்றார் நீலகண்டன். “கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம் பதினெட்டு செகண்ட். முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்.”

“ஆறு மணி நேரம் ஆயிருச்சுன்னா எல்லாத்தையும் சுருட்டிருவாங்களாமே சார்? மெடலு கெடையாதாமே?”

“பத்து நிமிஷம் கையில இருக்கே.”

“பத்து போதுமா?”

“ஏன், என் கணக்குல சந்தேகமா?”

“சந்தேகமிருந்தா எதுக்கு சார் ஒங்ககிட்ட வந்து கேக்கப் போறேன்?”

அந்த எட்டையும் பதினெட்டையும் அவள் பால்பாயின்ட் பேனாவால் மணிக்கட்டில் எழுதிக்கொண்டாள்.

இருபத்தோரு பேருக்குக் கழித்துக்கொடுத்த பிறகு இருபத்திரண்டாவது ஆள் மிச்சமிருந்தார். பட்டியல்படி அவருக்கு நாலு மணி பதினாலு நிமிடம். வியாழக்கிழமை அந்த எண்ணை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, தான் ஃபேன் இல்லாத கிடங்கில் முப்பத்தொரு வருஷம் நின்றவன், மற்றவர்களைப் போல ஏசியில் உட்கார்ந்தவனில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒன்றரை சதவீதத்தைத் தள்ளுபடி செய்தார். ராத்திரி மோர் குடிக்கிற உடம்பு என்று இன்னொரு ஒன்று. அறிக்கை எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்லும் என்று இன்னும் இரண்டு. மலைக்காரர்கள் மூட்டைக்குச் சொல்லும் அத்தனை நியாயத்தையும் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார், பெண்ணுக்குக் கல்யாணம் என்பதைத் தவிர. அதுவும் அவருக்குப் பெண் இல்லாததால்.

சனிக்கிழமை அவர் மனைவி விசாலாக்ஷி கேட்டாள்: “ஏன்னா, ஊருக்கெல்லாம் கழிச்சேளே, உங்களுக்கு எவ்வளவு?”

“பாத்துண்டிருக்கேன்.”

“மூட்டையப் பாத்தா உடனே சொல்லுவேள். உங்களப் பாக்க மூணு நாளாறதா?”

அவர் தாளை மடித்து வைத்தார். அப்போது மிச்சமிருந்தது ஒன்றரை. படுக்கப் போவதற்குள் அதுவும் போயிற்று.

பாதை எளிது. மரைன் டிரைவில் தொடங்கி, கோஸ்ரீ பாலங்கள் தாண்டி, வல்லார்பாடம் வழியாகக் கன்டெய்னர் சாலையில் பத்தரைக் கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். அப்படி இரண்டு தடவை. ஆகவே போகிறவர்களும் வருகிறவர்களும் நடுவிலுள்ள சிமென்ட் தடுப்புக்கு இருபுறமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஓடலாம். காலை நாலு மணிக்குப் புறப்பட்டபோதே இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரிக் காற்று முகத்தில் அடித்தது. நீலகண்டனுக்கு அது காற்றாகவே படவில்லை. பாதித் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்கு அரை நிமிடம் குறைவாக முடித்தார். எதிரே வந்த அமுதவள்ளி கையைத் தூக்கிக் காட்டினாள். அவரும் காட்டினார், கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே.

முப்பதாவது கிலோமீட்டர் வரைக்கும் எல்லாம் சரி. அதன் பிறகு சூரியன் மேலே வந்துவிட்டது. கன்டெய்னர் சாலையில் மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் இறால் வளர்க்கும் செம்மீன்கெட்டுத் தண்ணீர், அதிலிருந்தும் வெயில்தான் வந்தது. முதலில் கெண்டைக்கால் பிடித்தது. பிறகு காது அடைத்தது. பிறகு வேர்ப்பது நின்றது. ஈரத்தை முழங்கை வரை விட்டுப் பார்த்துச் சொல்லும் மனிதர், தன் தோல் காய்ந்துபோனதைக் கவனிக்கவில்லை. முப்பத்தேழாவது கிலோமீட்டர்ப் பலகைக்குச் சற்று முன்னால், மூன்று மணி நாற்பது நிமிடத்தில், சிமென்ட் தடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் இரண்டாவது சுற்றில் போய்க்கொண்டிருந்த அமுதவள்ளி தடுப்பைத் தாண்டிக் குதித்தாள்.

“என்னா சார் இங்க உக்காந்துட்டீங்க?”

“நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு,” என்றார் அவர்.

“அதெல்லாம் அப்பறம் இருக்கட்டும். எந்திரிங்க, அந்த நெழலுக்கு வாங்க.”

நிழல் என்றது ஒரு வழிகாட்டிப் பலகையின் நிழல். ஓர் ஆள் அகலம். அவரை அதில் கிடத்தி, தான் வெயிலில் உட்கார்ந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டாள். தனக்கென்று வைத்திருந்த உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள்.

“ஒங்க பேரு என்னா, சொல்லுங்க?”

“உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் சார். ஒங்களுக்குத் தெரியுதான்னு பாக்கணும்.”

“நீலகண்டன்.”

“இன்னிக்கு என்னா கெழம?”

“ஆறு சதவீதம்.”

அவள் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள்.

நீலகண்டன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருந்த இடத்தில் எட்டும் பதினெட்டும் வேர்வையில் கரைந்துகொண்டிருந்தன. அவருடைய கடியாரம் நிற்கவில்லை. அதனால்தான் அவருக்கு இன்றுவரை இவ்வளவு துல்லியமாகத் தெரியும். முதல் ஏழு நிமிடம் அவர் தன்வசத்தில் இல்லை. அதற்கு யாரும் குறை சொல்ல முடியாது, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. எட்டாவது நிமிடத்தில் தலை தெளிந்துவிட்டது. அவள் கையில் பத்து நிமிடம்தான் மிச்சம் என்பது தெரிந்தது. அந்தப் பத்தை அளந்து கொடுத்ததே அவர்தானே. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயமாக இருந்தது. கையை விட்டால் செத்துவிடுவோம் என்று தோன்றியது. பிடித்த பிடியிலேயே இன்னும் ஆறு நிமிடம் கழிந்தது.

தண்ணீர்ப் பந்தல்களிலிருந்து காலி கேன்களைப் பொறுக்கிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி வந்தபோது பதினான்கு நிமிடம். அமுதவள்ளி கையைக் காட்டி நிறுத்தி, அவரைக் கேன்களுக்கு நடுவே ஏற்றிவிட்டாள். “பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணே, வெயில்ல நிப்பாட்டிராதீங்க” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத் தடுப்பைத் தாண்டினாள். ஒருதரம் மணிக்கட்டைப் பார்த்தாள். ஓடினாள்.

ஆக, ஏறி வந்தார் என்பது உண்மை. ஊர் வண்டியைத்தான் தப்பாகச் சொல்கிறது.

வண்டி இன்னும் இரண்டு பந்தல்களில் கேன் பொறுக்கிவிட்டு, முடிவுக் கோட்டுக்குப் பின்புறம் போய் நின்றது. நீலகண்டன் இறங்கி, எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல், முடித்தவர்கள் நிற்கும் கூட்டத்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். நெஞ்சில் எண் இருந்தது. விடிகாலை இரண்டு மணியிலிருந்து நிற்கும் ஒரு காலேஜ் பெண், பார்த்தும் பார்க்காமலும், “கங்கிராட்ஸ் அங்கிள்” என்று கழுத்தில் மெடலை மாட்டினாள். தலைக்கு மேல் பெரிய கடியாரத்தில் நாலு மணி இருபத்தொரு நிமிடம்.

இதுவரைக்கும் நடந்தது வெயிலின் வேலை. இதற்குப் பிறகு நடந்ததற்கு வெயிலைக் கூப்பிட முடியாது. கூட்டத்துக்கு வெளியிலிருந்து விசாலாக்ஷி, “கையத் தூக்குங்கோன்னா, ஃபோட்டோல கழுத்து மட்டும்தான் தெரியறது” என்று கத்தினாள்.

நீலகண்டன் கையைத் தூக்கினார்.

அவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் படம் குரூப்புக்குப் போய்விட்டது. அந்த வெயிலில் நாலு இருபத்தொன்று. கைதட்டுகிற பொம்மைகள் வந்து குவிந்தன. அனில் பட்டியலைவிட ஒரே நிமிடம் கூடுதலாக, மூன்று நாற்பத்துநாலில் முடித்திருந்தார். “ஸ்வாமியோட கணக்கு வேத வாக்கு” என்று எழுதினார்.

அமுதவள்ளி வந்து சேர்ந்தபோது ஆறு மணி நாலு நிமிடம். முடிவுக் கோட்டு வளைவு காற்றுப் போய்த் தரையில் கிடந்தது. நேரம் பதியும் பாய்களைச் சுருட்டிவிட்டார்கள். மெடல் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். யாரோ ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஆறு நாலிலிருந்து பதினான்கைக் கழித்தால் ஐந்து ஐம்பது. நீலகண்டனின் பட்டியல் இருபத்திரண்டு பேரில் நிமிடம் பிசகாமல் பலித்தது ஒருத்தியிடம்தான்.

குரூப்பில் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அடுத்த தடவை ஸ்வாமி சொன்னபடி ஓடு சேச்சி, முதலில் வேகமாகப் போனால் கடைசியில் இப்படித்தான் என்று எழுதினார்கள். மலையாளத்தில் எழுதினார்கள். அவளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அவள் மகள் படித்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை நீலகண்டன் மெடலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு சுள்ளிக்கல் கடைக்குப் போனார். கூட்டம் ஓயும் வரை காத்திருந்து மேஜைமேல் வைத்தார்.

“இது உன்னோடது.”

அவள் பிரித்துப் பார்த்தாள். மறுபடி அதே மடிப்பில் சுற்றினாள்.

“ஓடி வாங்காதது எனக்கெதுக்கு சார்?”

“ஆணி அடிச்சு வெச்சிருக்கியே.”

“அதுல காலண்டரு மாட்டிக்கிறேன்.” ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தாள். “மெடலெல்லாம் வேணாம். நா ஒங்க கணக்குப்படிதான் ஓடுனேன்னு குரூப்புல ஒரு வரி போட்டுருங்க. அது போதும். நா கேக்காம அவுத்துவிட்ட மாடு மாதிரி ஓடுனேன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க.”

“இன்னிக்கே போட்டுடறேன்.”

“மலையாளத்துலயே போடுங்க. எம்மக படிப்பா.”

அன்றைக்கே உட்கார்ந்தார். அமுதவள்ளி பட்டியல்படிதான் ஓடினாள் என்று தட்டினார். அப்படியானால் ஏன் ஆறு நாலு என்று கேட்பார்கள். என்னோடு பதினான்கு நிமிடம் இருந்தாள் என்று சேர்த்தார். அப்படியானால் நீங்கள் எப்படி நாலு இருபத்தொன்று என்று கேட்பார்கள். ஒரு வரி இரண்டு வரியாயிற்று, நாலாயிற்று, ஒவ்வொரு வரியும் அடுத்த வரியைக் கேட்டது. எல்லாவற்றையும் அழித்தார். மறுநாளும் தட்டினார்.

பத்து நாள் கழித்து முடிவுகள் இணையத்தில் வந்தன. நீலகண்டன் பேருக்கு எதிரே நேரம் இல்லை. வதந்தி அன்று பிறந்ததுதான். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அனில் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். “மிஷின் தப்பு. ஸ்வாமி சொன்னா சொன்னதுதான். முப்பது வருஷமா மிஷினையே திருத்துற ஆளு!” குரூப்பில் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. அமுதவள்ளி பேருக்கு எதிரேயும் நேரம் இல்லை. அவளுக்கு மிஷின் தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது அக்டோபர். கிடங்கில் ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கிறது. நீலகண்டன் மூட்டைக்குள் கையை விடுகிறார், மிளகைக் கடிக்கிறார், பிறகு, “எதுக்கும் மிஷின்ல ஒருதரம் பாத்துடுங்கோ” என்கிறார். முதலாளி இதை வயது என்று நினைக்கிறார்.

அமுதவள்ளி முதல் மாதம் தினமும், “போட்டாச்சா சார்?” என்று கேட்டாள். அப்புறம் வாரத்துக்கு ஒருதரம். பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளும் இல்லை. சட்னி எப்போதும் போல இரண்டு கரண்டி. ஆணியில் காலண்டர் தொங்குகிறது. பிப்ரவரிக்கு மறுபடி பேர் கொடுத்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை அவர் கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“சார், நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓடலாம்னு இருக்கேன். வெயிலாமே?”

“ஆமாம். நல்ல வெயில்.”

“எத்தன கழிக்கணும்?”

“நாலு,” என்றார் நீலகண்டன்.

அவள் பேனாவை எடுத்து மணிக்கட்டில் எழுதிக்கொண்டாள். அவர் தெருவில் இறங்கி, ஃபோனை எடுத்து, குரூப்பைத் திறந்து, அமுதவள்ளி என்று தட்டினார். அதற்குள் மட்டாஞ்சேரி பஸ் வந்துவிட்டது. அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.